காட்பாடி–சிப்காட் தினசரி ஓட்டத்துக்கு ஒரு பழைய கார், ஞாயிறுக்கு ஒரு ஹெரால்டு: எதை முதலில் பார்ப்பது?

திருவலம்_இரும்புப்பாலம்:
எல்லோருக்கும் வணக்கம். காட்பாடியிலிருந்து திருவலம் வழியாக ராணிப்பேட்டை சிப்காட், போக வர ஐம்பது கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, வாரத்தில் ஆறு நாள். வீட்டில் நாலு பேர். கையில் 5 லட்சம். மனசு பழைய ஸ்போர்ட்ஸ் கார் பக்கம் போகிறது. ஸ்பிட்ஃபயர், எம்.ஜி.பி. எல்லாம் எட்டாத உயரம், அதனால் 1960-களில் நம் நாட்டிலேயே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கண்ணில் நிற்கிறது. இல்லை, ரெண்டு ஆசையையும் ஒரே வண்டியில் முடித்துவிடு, ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. பார் என்கிறார்கள். சென்னை நம்பர் வண்டிகள் இங்கே விலை குறைவாக வருகின்றன, எடுக்கலாமா? 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் ஹெரால்டு ஓடுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி_சஸ்பென்ஷன்:
தம்பி, ரெண்டையும் ஒரே வண்டியில் தேடாதீங்க. தினசரி வண்டிய முதல்ல வாங்கி நிறுத்துங்க, மிச்சத்துல ஹெரால்டு.

வருஷத்துக்கு 15,000 கி.மீ. கூட வராது, அதனால டீசல் வேணாம். டர்போ, இன்ஜெக்டர்னு ஒரு தடவை செலவு வந்தா மைலேஜ்ல மிச்சம் பிடிச்சதெல்லாம் அதுலயே போயிடும். பெட்ரோல்ல டைமிங் செயின் இன்ஜினா பாருங்க, அதாவது வால்வை இயக்கற கேம்ஷாஃப்டைச் சுத்த ரப்பர் பெல்ட்டுக்குப் பதிலா சங்கிலி இருக்கறது. 2010-க்கு அப்புறம் வந்த ஸ்விஃப்ட்ல 1197 சி.சி. கே12 இன்ஜின் இருக்கு, அது செயின். அதுக்கு முந்தின 1298 சி.சி. ஸ்விஃப்ட் பெல்ட். ஹூண்டாய் ஐ10-லயும் கப்பா 1.2 இன்ஜின் செயின், 1.1 இன்ஜின் பெல்ட். பெல்ட் வண்டின்னா மாத்தின பில் காட்டச் சொல்லுங்க. பில் இல்லைன்னா மாத்தலைன்னு வச்சுக்கிட்டு பெல்ட், அதை இறுக்கற டென்ஷனர், வாட்டர் பம்ப் மூணுக்கும் சேர்த்து விலையில கழிங்க. ஓட்டத்துல பெல்ட் அறுந்தா வால்வு பிஸ்டன்ல இடிக்கும், ஹெட் கழட்டாம முடியாது.

நாலு பேரும் சாமானும்னா என் ஓட்டு டொயோட்டா எட்டியோஸ் 1.5 பெட்ரோலுக்கு. பார்க்க சப்புன்னு இருக்கும், டேஷ்போர்டு மலிவு. ஆனா 1496 சி.சி., எடை கம்மி, நெடுஞ்சாலையில இழுவை நல்லா இருக்கும். ஹோண்டா 1.2 ஐ-வி.டெக் இன்ஜின் வண்டி எடுத்தா 40,000 கி.மீ.க்கு ஒரு தரம் டேப்பெட் கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி) பார்க்கணும். நிறைய பேர் அதைச் செய்யறதே இல்லை.

போலோ ஜி.டி. ஓட்ட அருமையான வண்டி, இல்லைன்னு சொல்லல. அதோட 7 கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்ல உலர் கிளட்ச் ரெண்டு. காட்பாடி சித்தூர் பஸ் ஸ்டாண்ட் முன்னாடி மே மாச வெயில்ல ஊர்ந்து ஊர்ந்து போனா சூடாகும். ஒண்ணு, ரெண்டு கியர் மாறும்போது நடுங்குதான்னு வண்டி நல்லா சூடான பிறகு ஓட்டிப் பாருங்க. அந்த கியர்பாக்ஸை இயக்கற மெக்கட்ரானிக்ஸ் யூனிட் போனா, 5 லட்சத்துல வண்டி வாங்கினவர் தாங்கற பில்லா அது இருக்காது.

பாகாயம்_பட்டி:
சென்னை நம்பர் என்றாலே ஒதுக்க வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டியா என்று மட்டும் பாருங்கள். பாதித் தொகைக்கு வரும் வண்டிகளில் அதுவும் கலந்திருக்கும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடியில் சுற்றியிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை கோடாக நிற்கும். வண்டியைப் பாலிஷ் போட்டு விற்பவர் அங்கே கழுவுவதில்லை. பிறகு சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட், ரெயில் துரு. கார்பெட்டைத் தூக்கி அடியில் உள்ள ஃபோமை விரலால் அழுத்துங்கள். மேலே காய்ந்திருந்தாலும் கீழே ஈரமும் நாற்றமும் நிற்கும். டேஷ்போர்டுக்குக் கீழே ஏதாவது ஒரு கனெக்டரைக் கழற்றினால் செம்பு முனை பச்சை பூத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். இந்த மின்சாரக் கோளாறுதான் வாங்கிய பிறகு ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து ஒவ்வொன்றாக வரும்: பவர் விண்டோ, ஏ.பி.எஸ். விளக்கு, கடைசியில் இன்ஜின் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.

இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு லேசாக வளைந்திருக்கும். வண்டி ஓடும், ஆனால் கம்ப்ரஷன் பார்த்தால் ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைவாகக் காட்டும். அப்படிக் காட்டினால் பேரமே பேசாதீர்கள். இன்சூரன்சில் பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் வண்டிக்குப் போட்ட மதிப்பில்) 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். அந்த வண்டிகள் ஏலத்தில் போய்த் திரும்பவும் ரோட்டுக்கு வருவதுண்டு, ஆகவே கிளெய்ம் விவரம் கேட்பது அவசியம்.

பெயிண்ட் தடிமன் காட்டும் மீட்டர் வைத்தால் கம்பெனி பெயிண்ட் சுமார் 80 முதல் 150 மைக்ரான். 200-க்கு மேல் என்றால் மறு பெயிண்ட், 500-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி. கதவு, பம்பர் கீறல் சகஜம். கூரையும் கதவுக்கு நடுவில் உள்ள தூணும் அதிகம் காட்டினால் வண்டி பெரிதாக அடிபட்டது. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். 25,000 கி.மீ. ஓடிய வண்டி என்கிறார், டயரோ வண்டியைவிட மூன்று வருடம் இளசு என்றால் மீட்டரைச் சந்தேகப்படுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்று: கூலன்ட் டப்பாவில் செங்காவி நிறம் தெரிந்தால் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். ரேடியேட்டர் குழாயில் உப்புப் படிந்து, ஏப்ரல் வந்ததும் ஏ.சி. போட்டால் சூட்டு முள் ஏறும்.

ட்ரன்னியன்:
ஹெரால்டைத் தேடுவது வீண் ஆசையில்லை நண்பரே. ஸ்பிட்ஃபயரே ஹெரால்டு சேசிஸைக் குட்டையாக்கி 1962-இல் வந்ததுதான், இரண்டுக்கும் வடிவம் கொடுத்தவர் மிக்கெலோட்டி. அதனால் முன் சஸ்பென்ஷன் பாகங்கள் பலவும் பிரிட்டனில் இன்றும் கிடைக்கின்றன. வேகம் எதிர்பார்க்காதீர்கள், 948 சி.சி. அவ்வளவுதான்.

முதலில் சேசிஸ். பாடி துண்டு துண்டாக போல்ட் போட்டது, கதவையோ பக்கவாட்டையோ மாற்றிவிடலாம். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் துருப்பிடித்திருந்தால் செலவு அங்கேதான். கதவு இடைவெளி மேலே இறுக்கமாகவும் கீழே அகலமாகவும் இருந்தால் நடுவில் தொய்ந்திருக்கிறது.

முன் சக்கரம் திரும்பும் கீழ் மூட்டான ட்ரன்னியனுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, இ.பி.90 கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் மரைக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும், உள்ளே துரு அரித்து ஒரு திருப்பத்தில் சக்கரம் மடிந்துவிடும். நம் ஒர்க்‌ஷாப்களில் நிப்பிளைப் பார்த்தாலே கிரீஸ் கன்னை எடுப்பார்கள், பக்கத்தில் நின்று தடுங்கள்.

கிளட்சை ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு கிராங்க் புல்லியைப் பாருங்கள். முன்னே நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால், கிராங்க் முன்பின் ஆடாமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. இருக்க வேண்டிய ஆட்டம் 0.1 – 0.2 மி.மீ. அளவுதான். வாஷர் கழன்று சம்ப்பில் (ஆயில் தொட்டியில்) விழுந்தால் பிளாக்கே வீணாகும்.

பெட்ரோல் விஷயம். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றது. ஹெரால்டின் ஹெட் வார்ப்பிரும்பு, ஈயம் இல்லாமல் எக்ஸாஸ்ட் வால்வு வந்து அமரும் ஸீட் அமிழ்ந்துகொண்டே போகும். 0.25 மி.மீ. வைத்த டேப்பெட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வந்தால் அதுதான் காரணம். ஹெட் வேலை செய்யும் லேத்தில் கடினப்படுத்திய ஸீட் அடித்துவிட்டால் தீர்ந்தது. எத்தனாலுக்கு: பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள், கலவை மெலிந்து போகும் என்பதால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்குங்கள். வாரக்கணக்கில் நிற்கும் என்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையை வடித்துவிட்டு நிறுத்துங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டர் உள்ளே வெள்ளையாகப் பூத்துவிடும்.

திருவலம்_இரும்புப்பாலம்:
மிக்க நன்றி. எட்டியோஸ் தேடத் தொடங்குகிறேன். மூன்று சந்தேகம். சித்தூரில் ஒன்று விலை குறைவாகச் சொல்கிறார்கள், எடுக்கலாமா? ஹெரால்டுக்கு வின்டேஜ் பதிவு போடலாமா? அப்புறம், ஹெரால்டு ஏலகிரி ஏறி இறங்குமா?

ஆர்சி_புத்தகம்:
ஆந்திரா வண்டிக்கு அங்கே ஃபார்ம் 28-இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வேலூர் நம்பரான TN 23 போட ஆயுள் வரி கட்ட வேண்டும். அதைக் கூட்டினால் விலை வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும். உள்ளூர் வண்டிக்குப் பெயர் மாற்ற ஃபார்ம் 29 இரண்டு பிரதி, ஃபார்ம் 30. ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் கடன் தீர்ந்ததைக் காட்டும் வங்கியின் ஃபார்ம் 35 கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். இன்சூரன்சை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். நோ க்ளெய்ம் போனஸ் பழைய ஓனருடையது, உங்களுக்கு வராது.

வின்டேஜ் பதிவு 2021 விதிப்படி 50 வயது தாண்டி, அசல் உருவம் மாறாத வண்டிக்கு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பரில் VA வரும். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் ரோட்டில் எடுக்கலாம். ஞாயிறுதோறும் குடும்பத்தோடு சுற்ற வேண்டுமானால் சாதாரண பதிவை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி 5 வருடத்துக்கு ஒரு தரம் புதுப்பிப்பதே சரி. அதனால் ஆர்.சி. உயிரோடு இருக்கிற ஹெரால்டாகப் பாருங்கள்.

ட்ரன்னியன்:
ஏலகிரி 14 கொண்டை ஊசி, ஏறும். இறங்கும்போதுதான் கவனம். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்றால் இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கில் காலை வைத்தபடியே வராதீர்கள். போவதற்கு முன் பிரேக் ஆயிலை மாற்றுங்கள்: டாட் 3 ரக ஆயிலுக்குப் புதிதில் கொதிநிலை 205 டிகிரி, ஈரம் ஏறினால் 140. சிலிண்டர் ரப்பர்கள் பழையதென்றால் அவற்றையும் சேர்த்து மாற்றிவிட்டே ஆயில் ஊற்றுங்கள். கொண்டை ஊசிக்குள் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விடக் கூடாது. பின்னால் சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆக்ஸில், வெளிச் சக்கரம் உள்ளே மடங்கி வால் வீசும்.