புதுப்பிப்பு: விதைப்பைக் கட்டிகளை எடுத்தாயிற்று

விதைப்பைத் தோலில் பட்டாணி அளவில் ஏழெட்டு கட்டிகள், டாக்டரிடம் காட்ட வெட்கம் என்று போன மாதம் எழுதியிருந்தேனே, தர்மபுரியிலேயே எடுத்துவிட்டேன். மரத்துப்போக ஊசி, முக்கால் மணி நேர வேலை. உறையோடு எடுக்காவிட்டால் திரும்ப வருமாம். நான் பிதுக்கிப் பார்த்த வீரமெல்லாம் வீண். உள்ளே கெட்டித் தயிர் மாதிரி இருந்தது வெறும் கெரட்டின், அதாவது தோலில் இருக்கும் புரதம்தான். பயாப்ஸியிலும் புற்றுநோய் இல்லை. தையல் தானாகக் கரைந்துவிடும். இப்போதைக்கு பைக் கூடாது, பாலக்கோட்டுக்கு பஸ்தான்.

வலியைவிட ஆறு வருடம் மறைத்ததுதான் பாரம். ஒகேனக்கல்லில் நண்பர்கள் எண்ணெய் மசாஜ் செய்து குளிக்க, நான் மட்டும் செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவல். கல்யாணப் பேச்சு எடுத்தால் எரிந்து விழுவேன்.

நேற்று அம்மா மறுபடி ஆரம்பித்தார். சரி, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்றேன். பஸ்ஸில்தான்.