லடாக்ல ராணுவம் பாத்த லைட் நிஜமா வியாழன்தானா? மாமாவுக்கு பதில் சொல்லணும், உதவுங்க

மொட்டைமாடி:
ஒரு வாரமா ராத்திரி ஒம்பது மணிக்கு எங்க மாடிலேர்ந்து கிழக்கால ஒரு லைட் தெரியுது, லேசா மஞ்சள், மினுக்கல, சும்மா நிக்குது, போன்ல ஜூம் பண்ணா மட்டும் உருண்டையா துடிக்குது. மாமா ரிட்டயர்டு பட்டாளத்துக்காரர், ட்ரோன்தான்னு ஒரே அடம். 2012ல லடாக்ல நம்ம வீரர்களும் இப்படித்தான் சீனா ட்ரோன்னு நெனச்சாங்க, கடைசில அது வியாழனும் வெள்ளியும்னு ஆச்சுன்னேன். "விடிவெள்ளி தெரியாதவனாடா எல்லைல நிப்பான், ரேடார் வேற வச்சிருந்தாங்களே"ன்னு மடக்கிட்டார். என்ன சொல்றது?

கோள்மூட்டி:
ரேடார்ல சிக்காததுதான் தம்பி பாயிண்டே. பாங்காங் ஏரி பக்கம் ரேடாரும் வச்சாங்க, சிக்னல் ஏதாவது வருதான்னு பாக்குற மெஷினும் வச்சாங்க, ரெண்டுலயும் ஒண்ணுமில்ல. எப்படி இருக்கும், பல கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கறது அந்த ரேடாருக்கு எதிரொலி குடுக்குமா? ஆகஸ்ட் 2012லேர்ந்து பிப்ரவரி 2013க்குள்ள 329 தடவை பாத்திருக்காங்க, அதுல 155 எல்லை தாண்டி வந்ததா கணக்குன்னு அப்ப பேப்பர்ல வந்துச்சு. அந்த சீசன்ல வெள்ளி விடியக்காலைல கிழக்கால, வியாழன் டிசம்பர்ல பொழுது சாஞ்சதுமே கிழக்கால. அங்க கிழக்குன்னா சீனா பக்கம், அப்ப மனுஷன் வேற என்னன்னு நெனப்பான்?

கண்டுபிடிச்சது பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம், நம்ம காவலூர் ஆய்வகம் இருக்கே அதே ஆளுங்க. லைட் நட்சத்திரங்களோட சேந்து நகருதான்னு பாத்தாங்க, அவ்ளோதான் மேட்டர். பூமி சுத்தறதால எல்லாமே மணிக்கு 15 டிகிரி மேக்கால போகும், மூணு நாலு மணி நேரத்துல வானத்துல நல்லா ஒரு துண்டு தாண்டிரும், "எல்லை தாண்டுச்சு"ன்னு எழுதிருவாங்க.

பனிக்குல்லா:
நான் பாங்காங் போயிருக்கேன், 4,200 மீட்டருக்கு மேல, காத்து மெலிசு, ஊர் வெளிச்சமே கிடையாது. வெள்ளிய பாத்துட்டு எதிர்ல வண்டி வருதுன்னு ஓரமா ஒதுங்கினவன் நான். இருட்டுல ஒத்த புள்ளியவே உத்து பாத்தா அது நகர்ற மாதிரி வேற தோணும், அது கண்ணோட கோளாறு. குளிர்ல துப்பாக்கியோட நிக்கறவர கிண்டல் பண்ணாதீங்கப்பா.

கோள்மூட்டி:
கிண்டல் இல்லண்ணே, அவங்க குறிச்சு வச்ச கணக்குலதான் விஷயமே வெளில வந்துச்சு. தம்பி, ஜூம் உருண்டை வெறும் ஃபோகஸ் கோளாறு. ஒரே இடத்துல நின்னு கரண்ட் கம்பத்து உச்சிய அது தொடற நேரத்த தினம் எழுது, நாளுக்கு நாலு நிமிஷம் கிட்ட முந்தி வந்தா வானத்துல உள்ளது. பைனாகுலர் இருந்தா சுவர்ல முட்டுக் குடுத்து பாரு.

மொட்டைமாடி:
அஞ்சு நாள் பாத்தேன், முதல் நாள் 9.12, இன்னிக்கு 8.55. மாமாவோட பழைய பைனாகுலர்ல பக்கத்துலயே வரிசையா மூணு குட்டி புள்ளி வேற, வியாழனோட நிலாவாம். மாமாட்ட காட்டினேன், "பாத்தியா, கூட மூணு ட்ரோன்"ங்கறார்.