சமாதானக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டால் சமாதானம் வந்துவிடுமா?

கெடிலக்கரை:
போன மாதம் எங்கள் கடலூரில் ஒரு தெருவில் தகராறு. எந்தத் தெரு என்று கேட்காதீர்கள், இப்போதுதான் ஆறியிருக்கிறது. சாமி ஊர்வலம் பள்ளிவாசலைத் தாண்டும்போது மேளத்தை நிறுத்தவில்லை என்று ஒரு பக்கம். வேண்டுமென்றே வண்டியைக் குறுக்கே நிறுத்தினார்கள் என்று இன்னொரு பக்கம். இரண்டு சட்டை கிழிந்தது, ஒரு டியூப்லைட் உடைந்தது. மறுநாள் அதிகாரிகள் கூப்பிட்டு அமைதிப் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். நானும் போயிருந்தேன். இரண்டு தரப்பும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்த தாளில் கையெழுத்து, டீ, பிஸ்கட், போட்டோ. இருபது நிமிடத்தில் மத நல்லிணக்கம் முடிந்தது.

என் கட்சி இதுதான். அன்பைப் பற்றிப் பேசிப் பேசிச் சமாதானம் வராது. ஒருவருக்கொருவர் செய்ய வேண்டிய முறை என்று ஒன்று இருந்தால்தான் நிற்கும். நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. மாசி மகத் தீர்த்தவாரிக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி சிதம்பரம் தாண்டிக் கிள்ளைக் கடற்கரைக்கு வருகிறார். வழியில் தர்கா முன்னால் நிற்பார். தர்கா தரப்பில் பெருமாளுக்கு மாலை மரியாதை. கோயில் தரப்பு மாலையும் பிரசாதமும் தர்காவுக்குள் போகும், பாத்தியா என்கிற குர்ஆன் பிரார்த்தனை ஓதுவார்கள். யாரும் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. மாலை வாங்க வேண்டும், நேரம் கேட்டு வைக்க வேண்டும், ஆள் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு வருடம் அதை நிறுத்திப் பாருங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க இரண்டு பக்கமும் ஆள் இருக்கும்.

வைத்திக்குப்பம்காரன்:
அண்ணே, மாசி மகத்துக்கு அந்தப் படம் பேப்பரில் வரும், நானும் பார்த்திருக்கிறேன். மீதி 364 நாள்?

எங்கள் புதுச்சேரியில் யாரைக் கேட்டாலும் இங்கே மதச் சண்டையே கிடையாது என்பார்கள். 1748 செப்டம்பரில் என்ன நடந்தது? இங்கிலீஷ்காரன் ஊரை முற்றுகை போட்டிருந்த நேரம். சம்பா கோயில் என்கிற மாதா கோயிலை ஒட்டி இருந்த வேதபுரீஸ்வரர் கோயிலைப் பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேக்ஸின் ஆட்சி இடித்தது. துய்ப்ளேக்ஸுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அப்போது ஊரிலேயே இருந்தவர், நாட்குறிப்பில் வயிறெரிந்து எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கு நாம் கும்பிடுகிற ஈஸ்வரன் கோயில் பிற்பாடு வேறு இடத்தில் கட்டியது. பள்ளிக்கூடத்தில் இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. வாட்ஸப்பில்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் எப்படி? இப்போது மிஷன் வீதியில் அந்த மாதா கோயில் பூசைக்குப் போகிறவனே கடப்பாரையோடு வந்து இடித்த மாதிரி. நாம் பேசாமல் விட்டதை வேறொருவன் வந்து அவன் இஷ்டத்துக்குப் பேசுகிறான். உண்மையைப் போட்டு உடைக்காமல் செய்கிற சமாதானம் எல்லாம் பூசி மெழுகுகிற வேலை.

பரங்கிப்பேட்டை பையன்:
பெருமாளுக்குத் தர்காவில் மாலை கிடைக்கிறது. எனக்குப் புதுச்சேரியில் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை, ரெட்டியார்பாளையம் என்று ஐந்து வாரமாக அலைகிறேன். போனில் எல்லாம் சரியாகப் போகும். பெயரைச் சொன்னதும், "நாங்க சுத்த சைவம் தம்பி." ஒரு வீட்டில் இந்தப் பதில் வந்தபோது உள்ளே மீன் குழம்பு கொதிக்கிற வாசனை வாசல் வரைக்கும் வந்தது. நீங்கள் 1748ஐப் பேசுங்கள்.

சம்பாகோயில் வீதி:
வைத்திக்குப்பம் தம்பிக்கு. நான் அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவள். ஆமாம், இடித்தது உண்மை. ஆனால் கதையை 1748இல் நிறுத்திவிடாதீர்கள். 1761இல் இங்கிலீஷ்காரன் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கியபோது எங்கள் கோயிலும்தான் போனது. இப்போது நிற்பது 1791இல் கட்டி முடித்தது.

அப்புறம், அதே ஆனந்தரங்கப் பிள்ளை 1745இல் எழுதியதையும் ஒரு தடவை படியுங்கள். எங்கள் கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் பறையர் கிறிஸ்தவர்களுக்கும் நடுவில் சுவர் இருந்தது, அதை இடிக்கச் சொல்லிப் பெரிய ரகளை நடந்தது என்று வரும். கோயிலை இடித்தவர்களின் வாரிசு என்று உங்கள் வாட்ஸப்பில் கை நீட்டுகிறார்களே, அதில் என் பாட்டி வழி ஆட்களும் சேர்த்தி. அவர்கள் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள். துய்ப்ளேக்ஸுக்கு யோசனை சொல்கிற இடத்திலா இருந்தார்கள்? சொல்லுங்கள், இதில் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

வைத்திக்குப்பம்காரன்:
அக்கா, சுவர் விஷயம் எனக்குத் தெரியாது. தெரியாமல் பேசியது தப்பு.

ஆனால் நான் மன்னிப்பும் கேட்கவில்லை, நிலமும் கேட்கவில்லை. 1947 ஆகஸ்ட் 15 அன்று எந்த வழிபாட்டு இடம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்று 1991 சட்டம் சொல்கிறது. (அன்றைக்கு நாம் பிரெஞ்சுக்காரனிடம்தான் இருந்தோம், 1954 நவம்பர் 1 வரைக்கும். அது தனிக் கூத்து.) நான் கேட்பது ஒரு பலகை. கோயில் இடிந்தது, சுவர், 1761 மூன்றையும் ஒரே பலகையில் எழுதி வையுங்கள். அந்தப் பக்கம் நடக்கிற பிள்ளைகள் வாட்ஸப்புக்கு முன்னால் அதைப் படிக்கட்டும்.

சம்பாகோயில் வீதி:
மூன்றும் என்றால் எனக்குச் சம்மதம். வாசகத்தை யார் எழுதுவது என்பதில் மறுபடி சண்டை வரும். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கெடிலக்கரை:
பலகைக்கு நான் எதிரி இல்லை. பலகையைப் படித்தவன் அடுத்த தெருக்காரனோடு பேசிவிடுவானா என்பதுதான் என் சந்தேகம். வில்லியனூர் தேருக்குக் கவர்னர் வடம் பிடிக்கிற வழக்கம் பிரெஞ்சுக்காரன் காலத்தில் வந்தது, இன்றும் நடக்கிறது. இடித்த ஆட்சியே பிறகு வடமும் பிடித்தது. அதனால் 1748 இல்லை என்று ஆகிவிடுமா என்று கேட்பீர்கள். ஆகாதுதான்.

எங்கள் பக்கம் வடலூரைப் பாருங்கள். 1867இல் வள்ளலார் தருமசாலை தொடங்கினார். அந்த அடுப்பு இன்னும் அணையவில்லை. யார், என்ன மதம் என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். 1872இல் சத்திய ஞான சபை. அதன் வாசலில் கொலை, புலை (புலால் உண்பது) தவிர்த்தவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்று எழுதியிருக்கும். சமரசம் பேசிய இடத்திலேயே நிபந்தனையா என்று வாலிப வயதில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. கும்பிடுகிற இடத்துக்கு நிபந்தனை இருக்கிறது, சாப்பிடுகிற இடத்துக்கு இல்லை. எல்லா மதமும் ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்டால்தான் பக்கத்துப் பக்கத்தில் வாழ முடியும் என்பதே வெட்டி வேலை. கிள்ளையில் பெருமாளும் அல்லாவும் ஒன்று என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

பரங்கிப்பேட்டை பையன்:
சோறு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2004 டிசம்பர் 26, எனக்கு ஒன்பது வயது. பக்கத்து மீனவக் கிராமத்துச் சனங்கள் கட்டிய துணியோடு ஊருக்குள் ஓடி வந்தார்கள். ஜமாத் இடம் கொடுத்து, நாள்கணக்கில் ஆக்கிப் போட்டது. எங்கள் உம்மாவும் வெங்காயம் உரிக்கப் போனார்கள். அன்றைக்கு என்ன முறை இருந்தது அண்ணே? கடல் உள்ளே வந்தால் இன்னாருக்கு இன்னது செய்ய வேண்டும் என்று யார் வீட்டிலும் வழக்கம் கிடையாது. உங்கள் கட்சி அங்கே இடிக்கிறது.

கெடிலக்கரை:
இடிக்கத்தான் செய்கிறது. சாப்பாட்டு நேரம் முழுக்க இதையே யோசித்தேன்.

ஆனால் ஒன்று பாருங்கள். வழக்கம் இல்லை, பிரியாணி ஆக்குகிற பெரிய தேக்சாப் பாத்திரம் இருந்தது. கல்யாணத்துக்கும் தர்கா கந்தூரி விழாவுக்கும் ஆயிரம் பேருக்கு ஆக்கிப் பழகிய கை இருந்தது. திறங்கள் என்று சொன்னால் மண்டபத்தைத் திறக்கிற ஜமாத் இருந்தது. அந்தப் பக்கம் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து. எத்தனை குடும்பம், யாரிடம் கைக்குழந்தை என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் உண்டு. உங்களுக்கு வீடு இல்லை என்றவரிடம் போய் ஏன்யா இல்லை என்று கேட்க யார் இருக்கிறார்கள்? நகரத்து மாடி வீட்டுக்கு ஜமாத்தும் இல்லை, பஞ்சாயத்தும் இல்லை. ஆகவே முறை என்று நான் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். தட்டிக் கேட்க ஆள் இருக்கிற இடத்தில் சமாதானம் நிற்கிறது.

வைத்திக்குப்பம்காரன்:
தட்டிக் கேட்கிற ஊர்ப் பஞ்சாயத்துதான் ஊரை விட்டும் தள்ளி வைக்கும். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சரி, உங்கள் தெருவில் இப்போது என்ன நிலை?

கெடிலக்கரை:
அந்த ஆபீஸ் தாளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. போன வாரம் டீக்கடையில் மேளக்காரர்களும் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியும் உட்கார்ந்து பேசினார்கள். தொழுகை நேரம் எழுதிய அட்டை ஒன்று கோயில் நிர்வாகியிடம் இருக்கிறது. ஊர்வலம் புறப்படுவதற்கு முன்னால் ஒரு போன். வண்டி நிறுத்துகிற விஷயம் இன்னும் முடியவில்லை. டியூப்லைட்டுக்கு யார் பணம் கொடுப்பது என்பதும்.

பரங்கிப்பேட்டை பையன்:
என் வீட்டு விஷயம் அப்படியே நிற்கிறது.

வைத்திக்குப்பம்காரன்:
புதுச்சேரி சாரம் பகுதியில் எங்கள் மாமா வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது. கேட்டுச் சொல்கிறேன் தம்பி.

பரங்கிப்பேட்டை பையன்:
ஐந்து வாரமாக எல்லோரும் சொன்னது அதைத்தான் அண்ணே.