புதுப்பிப்பு: கலிஃபோர்னியத் தொடர்கொலை வழக்கின் முடிவு

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பல ஆண்டுகளுக்கு முன் நடந்த தொடர்கொலைகளுக்காக, 2018 ஏப்ரலில் ஜோசப் டிஆஞ்சலோ என்ற முன்னாள் காவலர் கைதானபோது, கொன்றவர் பிடிபட்டதாலேயே குடும்பத்தாரின் துயரம் தீர்ந்துவிடுமா என்று கேட்டு என் பதிவை முடித்திருந்தேன். அதன் தொடர்ச்சியை இப்போது எழுதுகிறேன். வம்சாவளித் தளமொன்றில் தூரத்து உறவினர்களின் மரபணு விவரங்கள் வழியாகச் சிக்கிய அவர், மரண தண்டனையைத் தவிர்க்கும் உடன்பாட்டின்படி, 2020 ஜூன் 29 அன்று 13 கொலைகளை ஒப்புக்கொண்டார்.

ஆகஸ்டில் கலிஃபோர்னியத் தலைநகர் சாக்ரமெண்டோவில் நடந்த விசாரணையில் மூன்று நாள்கள், பாதிக்கப்பட்டவர்களும் இறந்தவர்களின் உறவினர்களும் ஒவ்வொருவராக எழுந்து, நாற்பது ஆண்டுகளாக நெஞ்சில் சுமந்திருந்ததை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அவரோ சக்கர நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தண்டனை நாளான 21ஆம் தேதி மட்டும் எழுந்து நின்று, முகக்கவசத்தைக் கழற்றி, அனைத்தையும் கேட்டதாகவும் உண்மையிலேயே வருந்துவதாகவும் ஓரிரு வரிகளில் கூறினார். சிறையறையில் அவர் தள்ளாட்டமின்றி நடமாடும் காணொளியை அரசுத் தரப்பு காட்டியிருந்ததால், அந்த வருத்தத்தை என்னால் நம்ப முடியவில்லை (இது என் சொந்த அபிப்பிராயம்). பரோலுக்கு இடமில்லாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பிள்ளையைக் கொன்றவர் யாரென்றே அறியாமல் கண்மூடிய பெற்றோருக்காக, அன்று உடன்பிறந்தவர்கள்தான் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.