பொய் நிராகரிப்பா, உரியவரை மறுத்தலா? ஒரு கலைச்சொல் இழை

மடல் 1
அனுப்புநர்: பாலிடெக்னிக் ஆசிரியை, திண்டுக்கல்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

கணினிப் பாதுகாப்புக் கையேட்டில் ஐந்தாம் பாடம் பயோமெட்ரிக், அதாவது விரல் ரேகை, கருவிழி போன்றவற்றைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: 'ஃபால்ஸ் அக்செப்டன்ஸ்', 'ஃபால்ஸ் ரிஜெக்ஷன்'. போன வருடக் குறிப்பில் 'பொய் ஏற்பு', 'பொய் நிராகரிப்பு' என்று கொடுத்திருந்தேன். தேர்வில் பலர் எழுதிய விடை இது: "பொய் நிராகரிப்பு என்பது, பொய் சொல்லி உள்ளே வரப் பார்ப்பவரை இயந்திரம் நிராகரிப்பது."

நேர் எதிர்ப் பொருள். சரியான ஆளையே இயந்திரம் 'நீ அவர் இல்லை' என்று திருப்பி அனுப்புவதல்லவா அது? பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். நான் கொடுத்த சொல் அப்படித்தான் படிக்க வைக்கிறது.

சொந்த வருத்தம் ஒன்றும் உண்டு. என் மாமியார் முப்பது வருடம் சித்தாளாகச் சிமெண்டுக் கலவை சுமந்தவர். ரேஷன் கடையில் கட்டைவிரலை வைத்தார், எடுபடவில்லை. ஆள்காட்டி விரல், அதுவும் இல்லை. "தலையில தேய்ச்சிட்டு வைங்கம்மா" என்றார் கடைக்காரர். எண்ணெய்ப் பசை பட்டால் ரேகை கொஞ்சம் தெரியும் என்று. ஏழாவது முறையும் ஆகவில்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "யாரு கார்டு பாட்டி இது?" என்று கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "என் வெரலே என்னைய யாருன்னு கேக்குது" என்றார். அந்த இடத்தில் 'பொய்' என்ற சொல்லைப் போட எனக்கு மனசு வரவில்லை. உதவுங்கள்.

மடல் 2
அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அம்மா, வணக்கம். முதலில் பாடத்தின் தலைப்பையே மாற்றுங்கள். பயோமெட்ரிக் எதற்கு? 'மெய்யளவியல்' என்று சொல்லுங்கள்.

மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை. ஒரே சொல்லில் இரண்டும் வேறு எந்த மொழியில் இப்படி வந்து உட்காரும்? தொல்காப்பியர் ஒற்றெழுத்தை மெய் என்றார், ஏனென்றால் உயிர் வந்து ஏறுவதற்கு அது உடம்பு. உள்ளத்தில் இருப்பது உடம்பில் வெளிப்பட்டால் மெய்ப்பாடு, அதற்கென்று ஓர் இயலே வைத்தார். அரசனுடைய உண்மைப் புகழைக் கல்லில் வெட்டினால் மெய்க்கீர்த்தி. அரசனின் உடலைக் காப்பவன் மெய்க்காப்பாளன். உடம்பைக் கொண்டு உண்மையைச் சோதிக்கும் துறைக்கு இதைவிடப் பொருந்திய சொல் உண்டா? இந்த வழியில் போனால் உங்கள் இரண்டு சொல்லும் தானாக அமைந்துவிடும்: அயலானை ஏற்றால் 'மெய்ம்மயக்கம்', உரியவனை மறுத்தால் 'மெய்ம்மறதி'. மெய்ம்மயக்கம் என்பது எழுத்திலக்கணத்தில் ஏற்கெனவே இருக்கும் சொல் என்பது தெரியும். இருந்தால் என்ன, பழைய சொல்லுக்குப் புதுப்பொருள் ஏறக்கூடாதா?

மடல் 3
அனுப்புநர்: கணினிப் பாதுகாப்புப் பொறியாளர், சென்னை

ஐயா, உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன், அவ்வளவு அழகு. அதனாலேயே பயமாக இருக்கிறது.

இந்தத் துறையில் நான் நாள்தோறும் மல்லுக்கட்டுவதே 'உடம்பு பொய் சொல்லாது' என்ற நம்பிக்கையோடுதான். 'மெய்யளவியல்' என்று பெயர் வைத்தால் அந்த நம்பிக்கை பெயரிலேயே அச்சாகிவிடும். இயந்திரம் உண்மையைப் பார்ப்பதில்லை ஐயா. பதிவின்போது எடுத்த ரேகையில் கோடு முடியும் இடம், கோடு பிரியும் இடம் என்று சில புள்ளிகளைக் குறித்து வைத்திருக்கும். இன்று வைத்த விரலின் புள்ளிகளோடு ஒப்பிட்டு ஒரு மதிப்பெண் போடும். எல்லைக்கு மேலே வந்தால் ஆம், கீழே வந்தால் இல்லை. அது உண்மை அல்ல, ஒற்றுமையின் அளவு.

2002-ல் ஜப்பானின் யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தின் ட்சுடோமு மட்சுமோட்டோ குழுவினர், மிட்டாய்க்குப் போடும் ஜெலட்டினில் விரல் செய்து, கடையில் விற்ற 11 விரல் ரேகைக் கருவிகளை ஏமாற்றிக் காட்டினார்கள். 2004 மார்ச் 11 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில், ஒரு பையில் கிடைத்த ரேகையை எஃப்.பி.ஐ. தன் தொகுப்பில் தேடியது. அமெரிக்காவின் ஆரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்று வந்தது. ஸ்பெயின் காவல்துறை 'எங்களுக்குப் பொருந்தவில்லை' என்று சொல்லியும் கேட்கவில்லை. இரண்டு வாரம் அவரைப் பிடித்து வைத்தார்கள். கடைசியில் அந்த ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது என்று ஸ்பெயின் கண்டுபிடித்தது, எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. அங்கே தவறியது இயந்திரம் மட்டும் இல்லை, அதன்பின் உட்கார்ந்து பார்த்த வல்லுநர்களும்தான்.

இன்னொன்று. கடவுச்சொல் திருடு போனால் மாற்றலாம். 2015-ல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் விரல் ரேகைகள் திருடப்பட்டன. அவர்கள் எந்த விரலை மாற்றுவார்கள்?

என் பரிந்துரை எளியது: 'தவறேற்பு', 'தவறுமறுப்பு'.

மடல் 4
அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

வணக்கம். தம்பி சொன்ன காரணங்கள் எல்லாம் சரி, ஆனால் 'தவறுமறுப்பு' சரிவராது. 'அமைச்சர் தவறு மறுப்பு' என்று பத்திரிகைத் தலைப்பு வந்தால் என்ன விளங்குவீர்கள்? தவறை மறுத்தார் என்றுதானே. 'தவறான மறுப்பு' என்று பண்புத்தொகையாய் விரிப்பதா, 'தவறை மறுத்தல்' என்று வேற்றுமைத்தொகையாய் விரிப்பதா? மாணவர் கையில் கிடைத்தால் இரண்டாவதாகத்தான் விரியும். 'பிழைமறுப்பு' என்றாலும் அதே கதைதான்.

அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்றை ஒருவரும் தொடவில்லை. பாடத்தில் 'அடையாளம் காணல்' என்ற ஒரே சொல்லை இரண்டு வேலைக்கும் பாவித்திருக்கிறீர்களா? 'நான் இன்னார்' என்று அட்டையைக் காட்டி விரலை வைப்பது ஒருவரோடு ஒருவரை ஒப்பிடுவது. அதை 'சரிபார்த்தல்' என்போம். 'இது யாருடைய விரல்?' என்று முழுத் தொகுப்பிலும் தேடுவது வேறு. அதை 'இனங்காணல்' என்போம். இரண்டுக்கும் நம்பகம் ஒன்றல்ல. 50,000 ஒப்பீட்டுக்கு ஒரு தரம் அயலாரை ஏற்றுப் பிழைக்கிற கருவி என்று வையுங்கோ. சரிபார்க்கும்போது அது மிக நல்ல கருவி. அதே கருவியில் ஒரு லட்சம் பேரின் பதிவுக்குள் அயலார் ஒருவரின் விரலைப் போட்டுத் தேடினால், சராசரியாய் இரண்டு அப்பாவிகளைக் காட்டும். மாட்ரிட் வழக்கு இனங்காணல். ஆசிரியையின் மாமிக்கு நடந்தது சரிபார்த்தல்.

பாடத் தலைப்புக்கு 'ஆளடையாளவியல்' நல்லது என்பது என் எண்ணம். ஆள் அடையாளம் எங்களுக்குப் பழகிய சொல், இலங்கையில் ஆட்பதிவுத் திணைக்களம் என்றே ஓர் அரச அலுவலகம் இருக்கிறது. இன்னும் ஒன்று: கண்ணின் நிற வளையமான 'ஐரிஸ்' என்பதற்குக் 'கருவிழி' போடாதீர்கள், அது 'கதிராளி'.

மடல் 5
அனுப்புநர்: நூலகர், கோயம்புத்தூர்

ஆதார் மையத்தில் போய்க் கதிராளி என்று சொல்லிப் பாருங்கள் அக்கா, ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பத்து விரல், இரண்டு கருவிழி, ஒரு முகப்படம். ஊரே இப்படித்தான் சொல்கிறது. பயோமெட்ரிக் என்பதும் ரேஷன் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் தெரிந்த சொல். அதை விட்டுவிடுங்கள்.

'ரேகை' வடசொல், 'வரி' என்று மாற்றலாம் என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: 'விரல்வரி' என்றால் விரலுக்கும் வரி போட்டுவிட்டார்களோ என்று கேட்பார்கள். தமிழில் இதற்கு முன்பே இருந்த சொல் 'கைநாட்டு'. எழுதத் தெரியாதவரைக் குத்திக்காட்டும் சொல்லாகப் போய்விட்டது, பாவம். ஆனால் வரலாற்றைப் பார்த்தால் 1858-ல் வங்காளத்தின் ஜங்கிபூரில் ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஹெர்ஷல் ஓர் ஒப்பந்தக்காரரிடம் கையெழுத்தோடு கை முழுவதன் பதிவையும் வாங்கினார். கல்கத்தாவில் விரல் ரேகைகளை வகைபிரித்து அடுக்கும் முறைக்கு உழைத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ். முறைக்குக் கிடைத்த பெயர் என்னவோ அவர்களின் மேலதிகாரி எட்வர்டு ஹென்றியுடையது. பெயர் வைக்கும்போது யார் விடுபடுகிறார்கள் என்பதையும் நாம் பார்க்க வேண்டும், அதனால் சொன்னேன்.

மடல் 6
அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

மெய் பற்றித் தம்பி சொன்னது இரவு முழுக்க மனதில் ஓடியது. சரி, அதைத் தள்ளி வைக்கிறேன். ஆனால் உங்கள் இரண்டு பிழையையும் வள்ளுவர் ஒரே குறளில் வைத்திருக்கிறார், 510 எடுத்துப் பாருங்கள்:

தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்
தீரா இடும்பை தரும்.

ஆராயாமல் நம்புவது ஒன்று, நம்பத் தக்கவன் என்று தெளிந்தபின் அவனைச் சந்தேகிப்பது மற்றொன்று. 'தேராத் தெளிவு', 'தெளிந்தார் ஐயம்' என்று வைத்துக்கொண்டால் என்ன?

> தேராத் தெளிவு

யாழ்ப்பாணத்திலிருந்து இடையில் எழுதுகிறேன், மன்னிக்கவும் ஐயா. அங்கே பிழை ஆராயாமல் விடுவதால் வருவது. இந்தக் கருவி ஆராய்ந்துவிட்டுத்தான் பிழைக்கிறது. 'தேரா' என்ற சொல் பொருந்தாது. இரண்டையும் சேர்த்து இடும்பை என்றாரே, அது மட்டும் அப்படியே பொருந்துகிறது.

மடல் 7
அனுப்புநர்: பாலிடெக்னிக் ஆசிரியை, திண்டுக்கல்

எல்லோருக்கும் நன்றி. இன்று வியாழன். நேற்று வகுப்பில் ஒரு சோதனை செய்தேன். 'த்ரெஷோல்ட்' என்பதற்கு 'ஏற்பு எல்லை' என்று சொல்லிவிட்டு, "நம்ம கட்-ஆஃப் மாதிரி" என்றேன். உடனே பிடித்துக்கொண்டார்கள். ஒரு மாணவி எழுந்து, "மேம், கட்-ஆஃப் ஏத்துனா வெளி ஆள் வர்றது குறையும், ஆனா நம்ம ஆளும் வெளியில நிப்பாங்க, இறக்குனா ரெண்டும் தலைகீழ், அப்படித்தானே?" என்று கேட்டாள். பாடத்தின் உயிரே அதுதான். ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறும். அவள் சொன்ன 'வெளி ஆள்', 'நம்ம ஆள்' இரண்டையும் பலகையில் எழுதினேன். அதிலிருந்து வந்தவை இவை:

'அயலாரை ஏற்றல்', 'உரியவரை மறுத்தல்'.

அக்கா சொன்ன தொகைக் குழப்பம் வராமல் இருக்க ஐ உருபை விரித்தே எழுதியிருக்கிறேன். 'உரியவர் மறுப்பு' என்று சுருக்கினால், உரியவரே மறுத்தார் என்று ஆகிவிடுகிறது. நீளம்தான். ஆனால் யாருக்கு என்ன நடந்தது என்பது சொல்லிலேயே இருக்கிறது. கூடவே 'வீதம்' சேர்க்கிறேன், 'விகிதம்' வேண்டாம், இத்தனை முயற்சியில் இத்தனை என்ற பொருளுக்கு அதுதான் சரி. சரிபார்த்தல், இனங்காணல் இரண்டையும் பிரித்துத் திருத்திவிட்டேன், அந்தக் கணக்கையும் எடுத்துக்கொண்டேன். தலைப்பு பயோமெட்ரிக் என்றே போகிறது. கருவிழியும் இருக்கும். அடைப்புக்குள் கதிராளி.

மறுப்பு இருந்தால் இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.

மடல் 8
அனுப்புநர்: கணினிப் பாதுகாப்புப் பொறியாளர், சென்னை

உடன்படுகிறேன். என் சொற்களைத் திரும்பப் பெறுகிறேன். 'உரியவரை மறுத்தல்' பகுதியில் ஒரு வரி சேர்க்க முடியுமா? ரேகை எடுபடாதபோது ஓ.டி.பி., கருவிழி, கையொப்பம் என்று மாற்றுவழி ஒன்று இருந்தே ஆக வேண்டும், அது இல்லாத அமைப்பு வடிவமைப்பிலேயே குறையுள்ளது என்று.

மடல் 9
அனுப்புநர்: நூலகர், கோயம்புத்தூர்

சரி. அடைப்புக்குள் கதிராளி தேவையில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

மடல் 10
அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அம்மா, அச்சுக்கு அனுப்புங்கள், தடை சொல்லவில்லை. ஆனால் 'ஏற்றல்' என்றால் மேலே ஏற்றுவது என்றும் படலாம், வண்டியில் சுமை ஏற்றல் போல. 'ஏற்கை' என்று வைத்திருந்தால் அந்த ஐயம் வராது. அடுத்த பதிப்பில் பாருங்கள். மெய் பற்றித் தனி மடல் எழுதுகிறேன். உங்கள் மாமியாருக்கு அரிசி கிடைத்ததா?