சால்டர் சுருளில் உள்ள ‘யூடெக்டிக்’ என்ற சொல் எதைக் குறிக்கிறது? இணைப்புகள் மங்கி உறைவதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

கேள்வி

வணக்கம். மின்னணுச் சுற்றுப்பலகைகளைப் பழுதுபார்த்து வருகிறேன். இதுவரை பயன்படுத்திய சால்டர் கம்பிச் சுருளின் மேல் 63/37 என்றும் அதனருகே ‘யூடெக்டிக்’ என்றும் அச்சிட்டிருந்தது. அது தீர்ந்தபின் வாங்கிய சுருளில் 60/40 என்று மட்டுமே இருக்கிறது. சிறிய பாகங்களில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. தடித்த கம்பிகளை முனையத்தில் பற்றவைக்கும்போதுதான் மேற்பரப்பு பளபளப்பின்றி மணல்மணலாக உறைகிறது; உருப்பெருக்கியில் பார்த்தால் சிலவற்றில் கம்பியைச் சுற்றி மெல்லிய விரிசலும் தெரிகிறது. சால்டரிங் அயனை 350 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கிறேன். ‘யூடெக்டிக்’ என்பது தரத்தைக் குறிக்கிறதா, தூய்மையைக் குறிக்கிறதா? கையிலுள்ள 60/40 சுருளுடன் வெள்ளீயம் சேர்த்து அதையும் யூடெக்டிக் ஆக்க முடியுமா?

மறுமொழி 1

இரண்டையும் குறிக்கவில்லை. அது ஒரு விகிதத்தையும், அந்த விகிதத்தில் கலவை உருகி உறையும் விதத்தையும் குறிக்கும் சொல். தூய வெள்ளீயம் 232 டிகிரியிலும் தூய காரீயம் 327 டிகிரியிலும் உருகுகின்றன. இரண்டையும் கலந்தால் உருகுநிலை இரண்டுக்கும் கீழே இறங்குகிறது. ஏறத்தாழ 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேரும் இடத்தில் 183 டிகிரி என்ற அடிமட்டத்தைத் தொடுகிறது. அந்த ஒரு விகிதத்தில் மட்டும் கலவை, தூய உலோகத்தைப் போலவே, ஒரே வெப்பநிலையில் முழுவதும் உருகி, அதே வெப்பநிலையில் முழுவதும் உறைகிறது. ஆயினும் அது ஒரு சேர்மம் அன்று. உறைந்ததைத் தேய்த்து மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், காரீயம் மிகுந்த அடுக்கும் வெள்ளீயம் மிகுந்த அடுக்கும் மாறிமாறி அமைந்திருப்பதைக் காணலாம். இச்சொல்லை 1884-இல் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் ஃபிரெடரிக் கத்ரி என்ற பிரித்தானிய இயற்பியலாளர்.

60/40 கலவையோ சுமார் 190 டிகிரியில் உறையத் தொடங்கி 183-இல்தான் முடிக்கிறது. இடைப்பட்ட நேரத்தில், காரீயம் மிகுந்த சிறு படிகங்கள் திரவத்துக்குள் மிதக்க, சால்டர் குழம்புபோல் இருக்கும். அந்த நிலையில் கம்பி சற்றே அசைந்தாலும், படிகங்களுக்கு இடையிலான பிணைப்பு குலைந்து, நீங்கள் சொல்லும் மணல்மணலான பரப்பும் விரிசலும் ஏற்படும். சிறிய பாகத்தில் இந்த இடைவெளி நொடிப்பொழுதில் கடந்துவிடுகிறது. தடித்த கம்பியும் முனையமும் வெப்பத்தைத் தேக்கிவைத்து மெல்ல ஆறுவதால் அங்கு அது நீள்கிறது.

வெள்ளீயம் சேர்ப்பது கணக்கின்படி எளிது: 100 கிராம் 60/40 கலவைக்குச் சுமார் 8 கிராம் தூய வெள்ளீயம் போதும். உருக்கிய சால்டர் தொட்டியில் அப்படித் திருத்தலாம். கம்பிச் சுருளுக்கு இது உதவாது. அதை உருக்கினால் உள்ளே இருக்கும் பிளக்ஸ் (உலோகப் பரப்பைச் சுத்தம் செய்து சால்டர் பரவ உதவும் பொருள்) எரிந்து வீணாகிவிடும்.

மறுமொழி 2

மேலே உள்ள விளக்கம் சரியானது. ஆனால் குற்றத்தைச் சுருளின் மேல் மட்டும் சுமத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 60/40 கலவையில் அந்த இடைவெளி ஏழு டிகிரிதான். அதைக் கொண்டு உறுதியான இணைப்புகளைத் தாராளமாகச் செய்யலாம். நீங்கள் குறிப்பிட்ட 350 டிகிரி அயன் முனையின் வெப்பநிலை, முனையத்தின் வெப்பநிலை அன்று. மெல்லிய கூர்முனையைத் தடித்த செம்பில் வைத்தால் செம்பு வெப்பத்தை இழுத்துக்கொள்ள, சால்டர் உருகியும் பரப்பில் பரவாமல் நிற்கும். அகலமான தட்டை முனைக்கு மாறுங்கள். கம்பியைக் கையால் பிடிக்காமல் பிடிப்பானில் இறுக்கி, அயனை எடுத்தபின் சால்டர் முழுதாக உறையும் வரை தொடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யூடெக்டிக் அல்லாத கலவை தாழ்ந்தது என்ற எண்ணம் தவறானது. காரீயக் குழாய்களை இணைப்பவர்கள் காரீயம் மிகுந்த கலவையை விரும்பித் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே, அது நெடுநேரம் குழம்பு நிலையில் நின்று, துணியால் வழித்து உருவம் கொடுக்க இடம் தந்ததுதான். நுட்பமாக அளந்தவர்கள் வெள்ளீயம்–காரீயத்தின் யூடெக்டிக் புள்ளியை 61.9 விழுக்காடு வெள்ளீயம் என்றே குறிக்கிறார்கள். விற்பனையில் 63/37 என்பதே அப்பெயரில் நிலைத்துவிட்டது. வேலையில் இந்தச் சிறு வேறுபாடு தெரியாது.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அகலமான முனையை மாட்டி, கம்பியைப் பிடிப்பானில் இறுக்கிச் செய்து பார்த்தேன். அதே 60/40 சுருளிலேயே பரப்பு வழவழப்பாக உறைந்தது. உருப்பெருக்கியிலும் விரிசல் இல்லை. மேலும் ஓர் ஐயம். 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் சால்டர் பசை ஒன்றின் மேலும் ‘யூடெக்டிக்’ என்று எழுதியிருக்கிறது. இதுவும் அதுவும் ஒன்றா? வெப்பம் தாங்காத பாகங்களைப் பழைய பலகைகளில் மாற்றும்போது இதைப் பயன்படுத்தலாமா?

மறுமொழி 1

ஒன்றல்ல. யூடெக்டிக் புள்ளி ஒவ்வொரு உலோகக் கூட்டணிக்கும் தனித்தனியாக உண்டு. ஆகவே எந்தெந்த உலோகங்கள் என்று சேர்த்துச் சொன்னால்தான் அச்சொல்லுக்குப் பொருள் முழுமையாகும். நீங்கள் பார்த்தது 42 விழுக்காடு வெள்ளீயமும் 58 விழுக்காடு பிஸ்மத்தும் கலந்தது. காரீயம் இல்லாத கலவைகளில் 99.3 விழுக்காடு வெள்ளீயமும் 0.7 விழுக்காடு செம்பும் சேர்ந்தது 227 டிகிரியில் உருகும் யூடெக்டிக். பலரும் பயன்படுத்தும் எஸ்ஏசி305 (வெள்ளீயம், வெள்ளி, செம்பு மூன்றும் சேர்ந்தது) தன் கூட்டணியின் யூடெக்டிக் புள்ளிக்கு அருகில் இருப்பது. 217 முதல் 220 டிகிரி வரை உருகுகிறது. அதன் பரப்பு இயல்பாகவே சற்று மங்கலாக இருக்கும் என்பதால், அங்கே மங்கலை மட்டும் வைத்துப் பழுது என்று முடிவு செய்யக் கூடாது.

பழைய பலகையைப் பொறுத்தவரை கவனம் தேவை. அதில் இருப்பது காரீயச் சால்டர் என்றால், பிஸ்மத் பசை அதனுடன் கலக்கும்போது வெள்ளீயம், காரீயம், பிஸ்மத் மூன்றும் சேர்ந்த இன்னொரு யூடெக்டிக் உருவாக இடமுண்டு. அது சுமார் 96 டிகிரியிலேயே உருகிவிடும். சூடாகும் மின்தடையத்தின் அருகிலோ மின்சாரப் பகுதியிலோ அத்தகைய இணைப்பு இயங்கும்போதே இளகிவிடலாம். ஆதலால் பழைய சால்டரைச் செப்புப் பின்னல் திரியால் முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட்டு, மாற்றும் பாகத்தின் கால்களில் காரீயப் பூச்சு இருக்கிறதா என்றும் பார்த்த பிறகே பசையை இடுங்கள். முழுவதும் எடுக்க முடியாத இடங்களில் பிஸ்மத்தைத் தவிர்த்து 63/37 கம்பியையே பயன்படுத்துங்கள்.