வீட்டு முகப்பு இருபுறமும் ஒன்றுபோல இருந்தே ஆகவேண்டுமா?

மஞ்சக்குப்பத்தான்:
கடலூரில் வீடு கட்டப்போகிறேன். மேற்குப் பார்த்த மனை. நடுவில் வாசல், இரண்டு பக்கமும் ஒரே அளவில் பெரிய சன்னல், ஒரே மாதிரித் தூண் என்று வரைபடம் வந்திருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. மைத்துனர் மட்டும் "இதென்ன பள்ளிக்கூடமா?" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

புதுவைத் தெருக்காரி:
மைத்துனர் பக்கம்தான் நான். பிற்பகல் மூன்று மணி வெயில் அந்த இரண்டு சன்னல்களிலும் பாரபட்சமில்லாமல் இறங்கும். கடற்காற்றோ வீட்டின் பின்புறம், கிழக்கிலிருந்து வரும். வெயிலும் காற்றும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் ஊரில் முகப்புக்கு மட்டும் எதற்கு நடுநிலை? புதுச்சேரியில் 1937இல் வேலை தொடங்கிய கோல்கொண்டே விடுதியைப் பாருங்கள். அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்ட் அதன் நீண்ட பக்கங்களை வடக்கும் தெற்கும் பார்க்க வைத்து, சாய்த்துத் திறக்கும் பலகைகளால் நிரப்பினார். கிழக்கும் மேற்கும் குறுகிய பக்கங்கள்.

சமச்சீர்ப் பித்தன்:
அம்மணி, அதே ஊரில் ஆயி மண்டபம் இருக்கிறது. நடுவே ஒரு கோடு இழுத்தால் இடமும் வலமும் அப்படியே பொருந்தும். இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் தூய இருதய ஆண்டவர் பசிலிக்காவும் அப்படித்தான். பார்த்தவுடன் மனம் அடங்குகிறதே, அது சும்மாவா?

புதுவைத் தெருக்காரி:
ஆயி மண்டபத்தில் யாரும் மீன் பொரிப்பதில்லை, மதியம் படுத்துத் தூங்குவதுமில்லை. நம் பழைய வீடுகளில் திண்ணை இருபுறமும் இருக்கும், வாசல்கள் கொல்லைவரை நேராக ஓடும். ஆனால் அடுப்படி தென்கிழக்கு மூலைக்குப் போய்விடும். பொருத்தம் பார்க்க எதிர் மூலையில் இன்னொரு அடுப்படி கட்டியவர் யாருமில்லை. உங்கள் மாவட்டத்துச் சிதம்பரத்திலேயே நடராசர் தெற்குப் பார்க்கிறார், அருகிலேயே கோவிந்தராசர் கிழக்குப் பார்க்கிறார். தூக்கிய திருவடியும் ஒன்றுதான்.

சமச்சீர்ப் பித்தன்:
திருவடிவரை போய்விட்டீர்கள்! மேற்கை அடைத்துவிட்டால் கிழக்கிலிருந்து வரும் காற்று எந்த வழியாக வெளியேறும்?

கம்பிக் கணக்கு:
நான் கட்டுமானப் பொறியாளர். இரண்டு பேரும் தெருவில் நின்றே பேசுகிறீர்கள். நிலநடுக்கத்துக்கு முகப்பு தெரியாது. கட்டடத்தின் எடை ஓரிடத்திலும் அதன் விறைப்பு, அதாவது ஆட்டத்துக்கு வளைந்து கொடுக்காத தன்மை, வேறிடத்திலும் மையம் கொண்டால், ஆட்டத்தோடு முறுக்கலும் சேர்ந்து மூலைத் தூண்களைத்தான் முதலில் பதம் பார்க்கும். 2001 செப்டம்பர் 25இல் புதுச்சேரிக் கடலுக்குள் ஏற்பட்ட நடுக்கம் ரிக்டரில் ஏறக்குறைய 5.5. ஆகவே சமச்சீர் வேண்டும். ஆனால் தூண்களிலும் சுவர்களிலும். முன்னால் அழகாகக் கடைகளுக்கு ஷட்டர் வரிசை, பின்னால் முழுச் சுவர் என்றிருக்கும் கட்டடம் தெருவிலிருந்து ஒழுங்காகத் தெரியும். கணக்கில் அது ஒருபக்கம் இழுக்கும்.

சமச்சீர்ப் பித்தன்:
பார்த்தீர்களா, பொறியாளர் என் கட்சி.

புதுவைத் தெருக்காரி:
தூணைப் பற்றிச் சொன்னால் சன்னலுக்கும் சேர்த்து வெற்றிவிழாவா? வெளியேறும் காற்றுக்கு மேற்கில் உயரத்தில் சிறிய திறப்புகள் போதும். ஆளுயரச் சன்னல் தேவையில்லை.

மஞ்சக்குப்பத்தான்:
மேற்குச் சன்னல்களைச் சிறிதாக்கச் சொல்லிவிட்டேன். வெயிலை வாங்கிக்கொள்ள வலது மூலையில் படிக்கட்டையும் குளியலறையையும் போடலாமா?

கம்பிக் கணக்கு:
குளியலறை தாராளமாக. படிக்கட்டை மூலையில் வைத்தால் விறைப்பு அந்தப் பக்கம் கூடி, நான் சொன்ன அதே முறுக்கல் வரலாம். எதிர்ப்பக்கத்தில் ஈடுகட்ட வேண்டியிருக்கும். முகப்புப் படம் எனக்கு வேண்டாம், தூண் வரைபடத்தைப் போடுங்கள்.